அல்டிமா 7 டாஸ்பாக்ஸில் தொடங்கவே மாட்டேன் என்கிறது, உதவுங்கள்

ஸ்டூல்தம்பி:
வணக்கம் நண்பர்களே. 1992-ல் வந்த அல்டிமா 7, தி பிளாக் கேட் விளையாட்டை பழைய டாஸ் இயங்குதள விளையாட்டுகளை இன்றைய கணினியில் இயக்கும் டாஸ்பாக்ஸ் 0.74-ல் ஓட்ட மூன்று நாளாகப் போராடுகிறேன். என்டரைத் தட்டினால் நினைவக மேலாளர் ஒத்துவரவில்லை என்ற பொருளில் ஒரு செய்தி வருகிறது. அப்புறம் பழைய கறுப்புத் திரைதான். 2 எம்பி ராம் கேட்ட விளையாட்டு இது. என் லேப்டாப்பில் 16 ஜிபி இருக்கிறது. டாஸ்பாக்ஸின் அமைப்புக் கோப்பில் நினைவக அளவைக் குறிக்கும் மெம்சைஸை 16-லிருந்து 63 வரை ஏற்றியும் பார்த்துவிட்டேன்.

சனிக்கிழமை அண்ணன் ஊருக்கு வருகிறார். 93-ல் வீட்டிலிருந்த 386 கணினியில் அவர் விளையாட, நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்ப்பேன். மவுஸைத் தொட விடமாட்டார். அவர் வரும்போது இது திரையில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று ஆசை. இதே விளையாட்டை டாஸ் இல்லாமலே ஓட்டும் எக்ஸல்ட் பற்றித் தெரியும், ஆனால் அன்று பார்த்த அதே டாஸ் விளையாட்டுதான் வேண்டும்.

பூட்டிஸ்க்:
தம்பி, மெம்சைஸைப் பழையபடி 16-க்கே கொண்டுவந்துவிடுங்கள். சிக்கல் ராம் அளவில் இல்லை. அதே கோப்பில் டாஸ் பகுதிக்குப் போனால் கூடுதல் நினைவகத்தைப் பயன்படுத்தும் முறைகளுக்கு எக்ஸ்எம்எஸ், ஈஎம்எஸ், யூஎம்பி என்று மூன்று வரிகள் இருக்கும். ஈஎம்எஸ் வரியில் ட்ரூ என்று இருப்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள். மற்ற இரண்டையும் தொட வேண்டாம். சேமித்துவிட்டு டாஸ்பாக்ஸை மூடித் திறங்கள்.

ஸ்டூல்தம்பி:
திறந்துவிட்டது அண்ணா! காட்டுக்குள் அந்த வண்ணத்துப்பூச்சி பறந்து வந்ததும் கண் கலங்கிவிட்டது. ஒரே ஒரு வரியில் அப்படி என்னதான் இருக்கிறது?

இன்னும் இரண்டு குறைகள். திரையிலிருந்து வில்லன் கார்டியனின் சிவப்பு முகம் வந்து வாயசைக்கிறது, குரல் இல்லை. முதல் ஊரான ட்ரின்சிக்கில் நடக்க ஆரம்பித்தால் ஆட்கள் எல்லாம் பறக்கிறார்கள். வேகத்துக்கான சைக்கிள்ஸ் வரியில் மேக்ஸ் என்று வைத்திருக்கிறேன்.

பூட்டிஸ்க்:
முதல் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், எனக்குப் பிடித்த விஷயம்.

டாஸ் ஓடுவது ரியல் மோடு என்ற சிபியூவின் பழைய, எளிய நிலையில். அதில் 1 எம்பி வரைதான் முகவரி. அதிலும் நிரல்களுக்கு 640 கேபி. மீதி 384 கேபி திரை அட்டை, பயாஸ் போன்றவற்றுக்கு. ஆஸ்டினில் இருந்த ஆரிஜின் நிறுவனம் இந்த விளையாட்டில் கட்டிய பிரிட்டானியாவோ மிகப் பெரியது. ஊர்க்காரர்கள் ஒவ்வொருவருக்கும் வேலை நேரம், சாப்பாட்டு நேரம், தூங்கும் நேரம் உண்டு. மேசை மேல் இருக்கும் தட்டைக்கூட எடுத்து நகர்த்தலாம். இதற்கு 640 கேபி எந்த மூலைக்கு?

அதனால் வூடூ என்ற சொந்த நினைவக மேலாளரை எழுதினார்கள். அது சிபியூவை ஒரு கணம், 1 எம்பிக்கு மேலும் தொடக்கூடிய புரொடெக்டட் மோடுக்கு அழைத்துப் போய், செக்மென்ட் எனும் நினைவகத் துண்டின் எல்லையை 4 ஜிபி வரை விரித்துவிட்டு, ரியல் மோடுக்கே திரும்பிவிடும். 386 சிப் அந்த விரிந்த எல்லையை மறப்பதில்லை. அப்புறம் 1 எம்பிக்கு மேலே உள்ள ராமையும் டாஸிலிருந்தே நேராகத் தொடலாம். எவ்வளவு அழகான வேலை பாருங்கள்!

ஆனால் ஈஎம்எஸ் கொடுக்கும் இஎம்எம்386 என்ற டாஸ் நிரல் உள்ளே இருந்தால், சிபியூ ஏற்கெனவே ரியல் மோடு போல நடிக்கும் வெர்ச்சுவல் 8086 மோடில் அதன் பிடியில் இருக்கும். அங்கே இந்த மாற்றத்துக்கு அனுமதி கிடையாது. நீங்கள் மாற்றிய அந்த ஒரு வரி இதற்குத்தான்.

அந்தக் காலத்தில் இதுவே பெரிய தலைவலி. மவுஸ், சவுண்ட் டிரைவர்களை 640-க்கு மேலே ஏற்றி இடம் காலி செய்ய இஎம்எம்386 வேண்டும். அதை எடுத்துவிட்டால் எல்லாம் கீழேயே வந்து குவியும். விளையாட்டு இடம் போதவில்லை என்று நிற்கும். நான் இதற்கென்றே ஒரு ஃபிளாப்பி வைத்திருந்தேன். 1 எம்பிக்கு மேலுள்ள நினைவகத்தைத் திறக்கும் ஹைமெம், டாஸை அங்கே ஏற்றும் வரி, மவுஸ் டிரைவர், அவ்வளவுதான். சிடி டிரைவர்கூடக் கிடையாது. ஏ டிரைவ் கரகரவென்று சத்தம் போட்டு பூட் ஆகும்போதே மனம் பிரிட்டானியாவுக்குப் போய்விடும்.

மதிநிலா:
மற்ற இரண்டுக்கும் நான் சொல்கிறேன். சைக்கிள்ஸ் வரியில் ஃபிக்ஸ்டு 12000 என்று வையுங்கள். இந்த விளையாட்டில் வேகக் கட்டுப்பாடே இல்லை. சிபியூ எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகத்தில் ஓடும். 486 வந்தபோதும் இதே புகார்தான். ஓடும்போதே கன்ட்ரோல் எஃப்11 குறைக்கும், எஃப்12 கூட்டும். ட்ரின்சிக் தெருவில் நடந்து பார்த்துக் கண்ணுக்குச் சரியாகப் படும் இடத்தில் நிறுத்துங்கள்.

குரலுக்கு, விளையாட்டின் இன்ஸ்டால் நிரலை மறுபடி ஓட்டுங்கள். இசைக்கு ஆட்லிப் சவுண்ட் கார்டு போதும், பேச்சுக்கு அது போதாது. சவுண்ட் பிளாஸ்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போர்ட் 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1. டாஸ்பாக்ஸ் தருவதும் இதே எண்கள்தான்.

எக்ஸல்ட்டையும் ஒதுக்கிவிடாதீர்கள். அது டாஸ்பாக்ஸ் போலப் பழைய கணினியைப் பாவனை செய்யும் எமுலேட்டர் இல்லை. இன்ஜினையே புதிதாக எழுதி, உங்களிடம் உள்ள ஸ்டாடிக் ஃபோல்டரிலிருந்து மூலக் கோப்புகளைப் படிக்கிறது. வூடூ தொல்லையே வராது. சனிக்கிழமைக்கு டாஸ்பாக்ஸ், நிதானமாக முழுதும் விளையாட எக்ஸல்ட் என்பது என் யோசனை.

ஸ்டூல்தம்பி:
குரல் வந்துவிட்டது! வேகம் 14000-ல் சரியாக இருக்கிறது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

மதிநிலா, ரொட்டி சுட்டது நினைவிருக்கிறதா? அண்ணன் மாவு மூட்டையை இரண்டு முறை கிளிக் செய்து மேசையில் மாவைக் கொட்டுவார், வாளித் தண்ணீரை அதன்மேல் காட்டுவார், பிசைந்த மாவாகிவிடும். அதை அடுப்பில் வைத்துவிட்டு இருவரும் பேசாமல் காத்திருப்போம். ரொட்டி வந்ததும் நான் கைதட்டுவேன்.

மதிநிலா:
மறக்குமா! பிரிட்டன் நகரத்தில் வில்லியின் ரொட்டிக் கடை. உலகத்தைக் காப்பாற்ற வந்தவள் நான், அங்கே கூலிக்கு ரொட்டி சுட்டுக்கொண்டே ஒரு முழு மாதம் கழித்தேன். கையேடும் துணி வரைபடமும் இருக்கிறதா? ட்ரின்சிக்கை விட்டு வெளியேறும் கடவுச்சொல்லைத் தருவதற்கு முன் மேயர் ஃபின்னிகன் அவற்றிலிருந்து கேள்வி கேட்பார்.

ஸ்டூல்தம்பி:
இரண்டும் பிடிஎஃப் ஆக இருக்கின்றன. ஆனால் திறக்கப் போவதில்லை. அண்ணனுக்கு அந்த வரைபடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் மனப்பாடம். லாயத்துக்கு வெளியே ஃபின்னிகன் பக்கத்திலேயே நிறுத்திச் சேமித்துவிட்டேன். ஸ்டூலையும் துடைத்து வைத்தாயிற்று.