கிட்ட போனாலே ஓடுற கோழிய எப்படி செக் பண்றது?

6 கோழி வச்சிருக்கேன், பக்கத்துல போனாலே சிதறி ஓடுதுங்க, உடம்பு சரியில்லன்னா எப்படி தெரிஞ்சுக்கிறது?

பதில் 1: துரத்தாதீங்க, அதான் முதல் தப்பு. ராத்திரி அடைஞ்சப்புறம் மெதுவா தூக்குங்க, சும்மா பொம்மை மாதிரி இருக்கும். நெஞ்செலும்பு கத்தி மாதிரி கைல தட்டுப்பட்டா மெலிஞ்சிருக்கு. விடிகாலைல தீவனம் போடுறதுக்கு முன்னாடி தீனிப்பைய (கழுத்துக்கு கீழ, நெஞ்சுக்கு மேல இருக்கிற பை) தொட்டுப் பாருங்க, காலியா இருக்கணும், அப்பவும் கெட்டியா இருந்தா அடைப்பா இருக்கலாம்.

பதில் 2: தினமும் 10 நிமிஷம் கையில தீவனத்தோட குந்தி உக்காருங்க, அதுங்களே வரும். மேலருந்து மட்டும் கை நீட்டாதீங்க, பருந்துன்னு பயந்துடும் (நான் ஒரு மாசம் இப்படித்தான் சொதப்பினேன்).

கேட்டவர்: நன்றிங்க. எச்சம் சிலசமயம் பிசுபிசுன்னு பழுப்பா இருக்கே?

பதில் 1: அப்பப்போ அப்படி வரும், பயப்படாதீங்க. ரத்தம் கலந்தாலோ, ஒதுங்கி சிறக உப்பிக்கிட்டு நின்னாலோ தனியா வச்சு டாக்டர்கிட்ட காட்டுங்க, கோழி நோய மறைக்கும், வெளிய தெரியறப்ப முத்திருக்கும்.