வீட்டுக் குழு: கவினின் எல்.வி.எம்.3 மாடல்

சுதா: கவின் பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு இஸ்ரோவோட பெரிய ராக்கெட் எல்.வி.எம்.3 மாடல் செய்யறான். போட்டோ போட்டிருக்கேன். அளவு சரியா அண்ணா?

குமார்: 1 மீட்டருக்கு 1 செ.மீ.னு வெச்சுக்கோங்க, கணக்கு சுலபம். மொத்த உயரம் 43.5 செ.மீ. நடு உடம்பு 4 செ.மீ. குறுக்களவு. ரெண்டு பக்கமும் ஒட்டியிருந்து மேல தள்ளற பூஸ்டர் ஒவ்வொண்ணும் 3.2 செ.மீ. குறுக்களவு, 26 செ.மீ. உயரம். செயற்கைக்கோளை மூடற தலைக்கூடு 5 செ.மீ. உடம்பை விட தலை பெருசா இருக்கணும். போட்டோல ஒரே குழாயா இருக்கு, அதை மாத்தணும்.

லலிதா: நடுவுல ஒட்டின தீயையும் எடுத்துடு கவின். ஸ்ரீஹரிகோட்டாவுல கிளம்பறப்போ ரெண்டு பக்க பூஸ்டர்ல மட்டும்தான் தீ வரும்.

சுதா: கவின் கேக்கறான்: அப்போ நடு எஞ்சின் எதுக்கு பெரியம்மா?

லலிதா: ராக்கெட்டோட எடை 640 டன். ரெண்டு பூஸ்டரும் சேர்ந்து ஏறக்குறைய 1000 டன் விசையோட தள்ளும், அதுவே போதும். நடுவுல இருக்கற, விகாஸ்ங்கற ரெண்டு திரவ எரிபொருள் எஞ்சினும் சேர்ந்தா சுமார் 160 டன்தான். அதனால அந்த எரிபொருளைத் தரையிலயே செலவழிக்காம மேல கொண்டு போறாங்க. கிட்டத்தட்ட 2 நிமிஷம் ஆகறப்போ வானத்துலயே பத்த வைப்பாங்க. அப்புறம்தான் பூஸ்டர் கழண்டு விழும்.

குமார்: ஒவ்வொரு பூஸ்டர்லயும் 200 டன்னுக்கு மேல திட எரிபொருள். கெட்டியான ரப்பர் மாதிரி இருக்கும். பத்திக்கிச்சுன்னா அணைக்கவே முடியாது. அதனால சந்தேகம் வந்தா அதுக்கு முன்னாடியே நிறுத்தணும். 2019 ஜூலை 15 அன்னிக்கு இதே ராக்கெட்ல சந்திரயான்-2 கிளம்ப 56 நிமிஷம் இருக்கறப்போ கோளாறு தெரிஞ்சு நிறுத்தினாங்க. சரி பண்ணி 22ஆம் தேதி அனுப்பினாங்க.

சுதா: மேல் பாகம்?

குமார்: அது கிரையோ, அதாவது ரொம்பக் குளிர வெச்ச திரவ எரிபொருள்ல ஓடற பாகம். உள்ள திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி, திரவ ஆக்சிஜன் மைனஸ் 183. நம்ம நெல்லை மாவட்டம் மகேந்திரகிரியிலதான் இந்த எஞ்சினை ஓட்டிப் பாக்கறாங்க. ரொம்ப நுணுக்கமான பாகம். 2021 ஆகஸ்ட் 12 அன்னிக்கு ஜி.எஸ்.எல்.வி. எஃப்10 போச்சு. அது இதை விட சின்ன ராக்கெட். அதோட ஹைட்ரஜன் தொட்டியில ஒரு வால்வு கசிஞ்சு தொட்டி அழுத்தம் குறைஞ்சுடுச்சு. எஞ்சினுக்கு எரிபொருள் சரியா போகல, செயற்கைக்கோளும் போச்சு.

லலிதா: கவின் எந்த வருஷத்து ராக்கெட்டுன்னு முடிவு பண்ணணும். 2014 டிசம்பர் 18 அன்னிக்கு போனது சோதனை ராக்கெட். அதுல கிரையோ பாகம் டம்மி, எஞ்சின் எரியாது. விண்வெளி வீரர்கள் போற மாதிரியான ஒரு கூண்டை, ஆள் இல்லாம, 126 கி.மீ. உயரம் தூக்கிட்டுப் போய் விட்டுச்சு, அது பாராசூட்ல வங்கக் கடல்ல இறங்குச்சு. 2017 ஜூன் 5ல ஜிசாட்-19 செயற்கைக்கோளைக் கொண்டு போனதுதான் கிரையோ எரிஞ்ச முதல் பயணம்.

சுதா: வெளியில பாத்தா வித்தியாசம் தெரியுமா அக்கா?

லலிதா: தெரியும். 2014ல பூஸ்டரோட மூக்கு நேரா இருந்துச்சு. 2017ல இருந்து நடு உடம்பு பக்கமா சாஞ்சிருக்கும். காத்து மோதற விசையைத் தாங்கறதுக்காக மாத்தினது. கூம்பைச் சாய்வா வெட்டி, நுனி உள்பக்கம் வர்ற மாதிரி ஒட்டணும்.

குமார்: சந்திரயான்-3னு எழுதணும்னா 2023 ஜூலை 14, சாய்ஞ்ச மூக்குதான். ககன்யானுக்கு மனுஷங்களை ஏத்தற வகையா இருந்தா உச்சியில ஒல்லியா ஒரு கோபுரம் வரும். ஆபத்துன்னா விண்வெளி வீரர்கள் இருக்கற கூண்டை அதுதான் ராக்கெட்ல இருந்து பிச்சு இழுத்துட்டுப் போகும். இன்னொரு வகையும் தயாராகுது: நடுவுல விகாசுக்குப் பதிலா மண்ணெண்ணெய் மாதிரி எரிபொருளும் திரவ ஆக்சிஜனும் எரிக்கற ஒரே பெரிய எஞ்சின், சுமார் 200 டன் விசை.

சுதா: சந்திரயான்-3தான் வேணுமாம்.

குமார்: அப்போ கோபுரம் வேண்டாம். முதல்ல பூஸ்டர் மூக்கை வெட்டச் சொல்லு, பசை காயறதுக்குள்ள நேரா நிக்குதான்னு பாத்துக்கோ.