விடுவித்த பிறகும் மூத்த ஆட்டக்காரரின் சம்பளம் அணியின் கணக்கில் ஏன் நிற்கிறது? (என்.எஃப்.எல். சம்பள வரம்பு)

நெய்தல்வாணன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்.எஃப்.எல். என்ற அமெரிக்கக் கால்பந்து லீகைச் சில பருவங்களாகப் பார்த்து வருகிறேன். ஆட்ட விதிகள் ஓரளவு பிடிபட்டுவிட்டன. ஓர் அணி ஓர் ஆண்டில் ஆட்டக்காரர்களுக்காகச் செலவிடக்கூடிய உச்சத் தொகையான சம்பள வரம்பு மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

2020-இல் 19.82 கோடி டாலராக இருந்த வரம்பு, பெருந்தொற்றால் அரங்குகள் வெறிச்சோடி லீகின் வருமானம் சரிந்ததால், 2021-இல் 18.25 கோடியாகக் குறைக்கப்பட்டது. அவ்வாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியின் செலவு வரம்பைவிட ஏறத்தாழ 10 கோடி டாலர் அதிகமாக இருந்ததாகச் செய்திகள் வந்தன. அப்படியிருந்தும் கேமரன் ஜோர்டன், டிமாரியோ டேவிஸ் போன்ற பெரிய சம்பளக்காரர்கள் அணியில் தொடர்ந்தார்கள். வெளியேற்றப்பட்டவர்களுள் ஒருவர், பந்தை உதைக்கும் பன்ட்டரான தாமஸ் மோர்ஸ்டெட். 2010 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டியில், இரண்டாம் பாதியின் முதல் உதையை எதிரணி எதிர்பாராத வகையில் குட்டையாக உதைத்துப் பந்தைத் தம் அணியே கைப்பற்ற வழிசெய்தவர் அவர்தான்.

வரம்பு கறாரானது என்றால் இவ்வளவு பெரிய பள்ளத்தை எப்படி நிரப்பினார்கள்? 2021 மார்ச்சில் ஓய்வை அறிவித்த, அந்த அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ட்ரூ பிரீஸுக்காக 2022 கணக்கிலும் 1.15 கோடி டாலர் ஏன் இருந்தது? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தரவுப்பித்தன் எழுதியது:

நண்பர் நெய்தல்வாணன் அவர்களுக்கு, பணம் ஆட்டக்காரரின் கைக்குப் போகும் நாளும் அது வரம்புக் கணக்கில் ஏறும் நாளும் வேறு வேறு என்பதில்தான் உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் விடை இருக்கிறது. ஆண்டுச் சம்பளம் அந்தந்த ஆண்டுக் கணக்கில் முழுதாக ஏறும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்காகக் கொடுக்கும் சைனிங் போனஸ் அப்படியல்ல. பணத்தை உடனே கொடுத்துவிட்டாலும், ஒப்பந்தக் காலத்துக்கு, அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்கு, சமமாகப் பிரித்து எழுதிக்கொள்ளலாம்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். மூத்த ஆட்டக்காரர் ஒருவருக்கு இந்த ஆண்டுச் சம்பளம் 1.75 கோடி டாலர். அதில் 1.5 கோடியைப் போனஸாக மாற்றி ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்தால், ஆண்டுக்கு 30 லட்சம் வரும். இந்த ஆண்டு கணக்கில் ஏறுவது மீதமுள்ள 25 லட்சமும் இந்த 30 லட்சமும் சேர்ந்து 55 லட்சம் மட்டுமே. 1.2 கோடி இடம் கிடைத்துவிட்டது. ஆட்டக்காரருக்கோ ஒரு டாலரும் குறையவில்லை, பெரும்பகுதி முன்கூட்டியே கைக்கு வந்ததால் அவர் மறுக்கவும் மாட்டார். ஒப்பந்தத்தில் ஐந்து ஆண்டு மீதமில்லை என்றால், அவர் ஆடவே போகாத போலி ஆண்டுகளைக் கடைசியில் ஒட்டிவிடுவார்கள். இவற்றை வாய்ட் ஆண்டுகள் என்கிறார்கள்.

ஏலச்சீட்டை முதல் மாதமே தள்ளி எடுத்தவர் கடைசி மாதம் வரை தவணை கட்டுவதைப் போன்றது இது. அடுத்த ஆண்டு அவரை விடுவித்தால், இன்னும் கணக்கில் ஏறாத 1.2 கோடி மொத்தமாக வந்து விழும். அதைத்தான் டெட் மணி என்கிறார்கள். ஜூன் 1-க்குப் பிறகு விடுவித்தால் அந்த ஆண்டுக்கு 30 லட்சம், மறு ஆண்டுக்கு 90 லட்சம் என இரண்டாகப் பிரிக்கலாம்.

பிரீஸ் விஷயத்தில் நடந்ததும் இதுவே. 2021-க்கு அவருக்கு 2.5 கோடி சம்பளம் எழுதப்பட்டிருந்தது. ஓய்வு பெறப் போகிறவருக்கு அந்தத் தொகை கைக்கு வரப்போவதில்லை என்றாலும், ஒப்பந்தத் தாள் இருக்கும்வரை அது அணியின் கணக்கை அடைத்துக்கொண்டு நிற்கும். ஆகவே பிப்ரவரியிலேயே அவர் அதை 10.75 லட்சமாகக் குறைத்துக்கொண்டார். மார்ச்சில் ஓய்வை அறிவித்தும், ஆவணத்தை ஜூன் 1 கடக்கும்வரை நிறுத்திவைத்தார்கள். பழைய போனஸ்களில் மிச்சமிருந்த 2.265 கோடி, 2021-க்கு 1.115 கோடி, 2022-க்கு 1.15 கோடி என்று பிரிந்தது. மோர்ஸ்டெட்டின் ஒப்பந்தம் சிறியது. அதை மாற்றி எழுதிப் பெரிதாக எதையும் மிச்சப்படுத்த முடியாது, விடுவித்தால்தான் இடம் கிடைக்கும். பெரிய சம்பளக்காரர் தங்குவதும் சிறிய சம்பளக்காரர் போவதும் இதனால்தான், நியாயம் வேறு விஷயம்.

பழையசட்டை எழுதியது:

தரவுப்பித்தன் ஐயாவின் கணக்கில் பிழையில்லை, ஆனால் சீட்டு உவமையில் ஒன்று விடுபட்டிருக்கிறது. 1994-இல் 3.46 கோடியில் தொடங்கிய வரம்பு 2025-இல் 27.92 கோடியை எட்டியது. ஒரு கோடி டாலர் என்பது 2021 வரம்பில் ஏறக்குறைய ஐந்தரை விழுக்காடு. 2025-இல் மூன்றரை விழுக்காட்டுக்குச் சற்று மேல். வளர்ந்துகொண்டே போகும் வரம்பில் செலவைத் தள்ளிவைப்பதைத் தவறு என்று சொல்ல முடியாது.

பிலடெல்பியா ஈகிள்ஸின் பொது மேலாளர் ஹோவி ரோஸ்மன் வாய்ட் ஆண்டுகளைத் தாராளமாகப் பயன்படுத்துகிறவர். அந்த அணி 2025 பிப்ரவரியில் சூப்பர் பவுலை வென்றது. வேறுபாடு யாருடைய சம்பளத்தைத் தள்ளிவைக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. ஏ.ஜே. பிரவுன், டெவான்டா ஸ்மித், ஜோர்டன் மைலாட்டா ஆகியோர் இருபதுகளில் இருக்கும்போதே ரோஸ்மன் அவர்களுக்கு நீண்ட ஒப்பந்தம் எழுதினார். தவணை விழும் ஆண்டிலும் அவர்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள். செயின்ட்ஸின் பொது மேலாளர் மிக்கி லூமிஸோ முப்பதைக் கடந்தவர்களின் ஒப்பந்தங்களையே திரும்பத் திரும்பத் திருத்தினார். அவர்களின் கால்கள் தளரும் அதே ஆண்டில்தான் பழைய தொகையும் வந்து விழுகிறது, விடுவிக்கவும் முடிவதில்லை. அவர்களுள் ஒருவரான குவார்ட்டர்பேக் டெரிக் கார் 2023-இல் நான்கு ஆண்டுக்கு 15 கோடி டாலர் ஒப்பந்தத்தில் வந்து, தோள் காயத்தால் 2025 மே மாதத்தில் ஓய்வு பெற்றார். பிரீஸ் போன பிறகு 2021 முதல் 2024 வரை ஒரு முறைகூட அந்த அணி பிளே-ஆஃப் (பருவ முடிவில் நடக்கும் நாக்-அவுட் சுற்று) பார்க்கவில்லை.

நெய்தல்வாணன் எழுதியது:

இருவருக்கும் நன்றி. இவ்வளவு சிக்கல் இருந்தால், விலை உயர்ந்த மூத்தவர்களை ஒரேயடியாக விட்டுவிட்டு, டெட் மணியை ஓரிரு ஆண்டுகள் பொறுத்துக்கொண்டு இளைஞர்களை வைத்து ஆடுவதே நல்லதல்லவா?

தரவுப்பித்தன் எழுதியது:

டென்வர் பிரான்கோஸ் அதைத்தான் செய்தது. 2024 மார்ச்சில் மூத்த குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சனை விடுவித்தபோது 8.5 கோடி டாலர் டெட் மணி; 2024-இல் 5.3 கோடி, 2025-இல் 3.2 கோடி. வில்சன் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளமான 12.1 லட்சத்துக்கு ஆடினார். அவருக்கு உறுதியளிக்கப்பட்டிருந்த 3.9 கோடியில் எஞ்சியதை டென்வர்தான் கொடுத்தது. ஆனாலும் அந்தப் பருவத்திலேயே டென்வர் பிளே-ஆஃபுக்குப் போனது. காரணம், புதிதாகத் தேர்ந்தெடுத்த குவார்ட்டர்பேக் போ நிக்ஸின் நான்கு ஆண்டு ஒப்பந்தம் முழுவதும் சேர்ந்தே 2 கோடிக்குக் குறைவு. இப்படிப்பட்ட இளைஞர் கிடைக்காத அணி இதே துணிச்சலைக் காட்டினால், டெட் மணி மட்டும்தான் மிஞ்சும்.

மேலும், மூத்தவர் எல்லோரும் விலை உயர்ந்தவர்கள் அல்லர். ஏழோ அதற்கு மேற்பட்டோ பருவங்கள் ஆடியவரின் குறைந்தபட்சச் சம்பளம் 2024-இல் 12.1 லட்சம். அவரை ஓராண்டு ஒப்பந்தத்தில் அந்தக் குறைந்தபட்சத்துக்கே எடுத்தால், இரண்டு பருவ அனுபவம் உள்ளவருக்குரிய 9.85 லட்சம் மட்டுமே வரம்பில் ஏறும். அனுபவம் அதிகம் என்பதற்காகவே ஒருவரை ஒதுக்கிவிடக் கூடாது என்று செய்த ஏற்பாடு இது.

பழையசட்டை எழுதியது:

அந்த ஏற்பாட்டிலும் ஓர் ஓட்டை உண்டு, ஐயா. நான்கு பருவங்களைக் கடந்தவர் முதல் வார ஆட்டத்தன்று அணிப் பட்டியலில் இருந்தால், இடையில் விடுவிக்கப்பட்டாலும் பருவம் முழுவதற்குமான சம்பளத்தைக் கோர முடியும். அதனால் சில அணிகள், தேவை என்று தெரிந்திருந்தும், அத்தகையவரை முதல் வாரம் முடியும்வரை வீட்டில் காத்திருக்கச் சொல்லிவிட்டு, அடுத்து வரும் செவ்வாயோ புதனோ அழைத்து ஒப்பந்தம் போடுகின்றன. செப்டம்பர் இரண்டாம் வாரச் செய்திகளில் பழைய பெயர்கள் திடீரென்று வரிசையாக வருவதைக் கவனித்திருப்பீர்கள்.