பரானா பைன்: படிக்கட்டுப் பலகையை என்ன செய்யலாம்?

பழையபடி: லண்டனில் எங்கள் வீட்டுப் படிக்கட்டைப் பிரித்தோம், 1960களில் போட்டது. தேன் நிறம், நடுவே சிவப்புக் கீற்றுகள். மூன்று மீட்டர் பக்கப் பலகையில் ஒரு கணுகூட இல்லை. பரானா பைன் என்கிறார்கள். தோட்டத்துக்கு ஒரு பெஞ்சு செய்யலாமா?

உளிக்காரன்: வேண்டாம். மழை ஈரம் பட்டால் சீக்கிரம் மக்கிவிடும். பெயரில்தான் பைன், உண்மையில் தெற்கு பிரேசிலில் வளரும் அரௌக்கேரியா என்ற வேறொரு ஊசியிலை மரம். இன்று நேராக இருக்கும், நாளை முறுக்கிக்கொள்ளும். அடுப்புக்குத்தான் லாயக்கு.

தச்சன்மகள்: வெளியே வைக்கக் கூடாது என்பது சரி. அடுப்பில் போடச் சொல்வது அநியாயம், ஐயா! இழைப்புளி ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? சீவல் அறுபடாமல் சுருள் சுருளாக வரும், பலகை கண்ணாடிபோல் வழவழக்கும். வளர்ச்சி வளையங்களில் மென்மை, கடினம் என்ற வேறுபாடு மிகக் குறைவு. அதனால் உளி எங்கும் ஒரே சீராக இறங்கும். பசையும் நன்றாகப் பிடிக்கும். மரம் வளர வளரக் கீழ்க்கிளைகளை உதிர்த்துவிட்டு உச்சியில் மட்டும் குடை விரிக்கிறது. கணுவில்லாத நீளப் பலகை கிடைப்பது அதனால்தான். பிரிட்டனில் படிக்கட்டுக்கு இதைத் தேடி வாங்கினார்கள்.

உளிக்காரன்: வழவழப்பை வைத்து என்ன செய்ய? நீளவாக்கில் அறுத்தேன், இரு பாதியும் வில்லாக வளைந்தன. சாய்ந்து வளர்ந்த மரத்துக்குள் இறுக்கம் அடைபட்டுக் கிடக்கும். கருத்த பகுதி மெதுவாகக் காய்வதால் வெடிப்பு வேறு.

தச்சன்மகள்: வெடிப்பு புதுப் பலகையின் குறை. இது அறுபது ஆண்டு வீட்டுக்குள் காய்ந்தது. இறுக்கம் உண்மைதான், மறுக்கவில்லை. அளவைவிடச் சற்று அகலமாக அறுத்து, இரண்டு வாரம் அடுக்கி வைத்து, பிறகு இழைத்தால் போதும்.

மரவாசம்: ஒன்று சொல்லிவிடுகிறேன். காடுகளை அழித்ததில் இந்த மரம் இன்று மிகவும் அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் இருக்கிறது. இனி இப்படிப் பலகை எளிதில் கிடைக்காது. வேடிக்கை என்னவென்றால், காட்டில் விழுந்த அடிமரம் மக்கிப்போகும். பிசின் ஏறிய கணுக்கள் மட்டும் கல்லாக மிஞ்சும். பிரேசிலில் அவற்றைப் பொறுக்கி விறகாக எரித்தார்கள், கடைந்து கிண்ணமும் செய்கிறார்கள்.

பழையபடி: பெஞ்சு வேண்டாம், புத்தக அலமாரி. நேற்று ஒரு பலகையை அறுத்தேன். பாதி வழியில் வாளைக் கவ்விக்கொண்டது. ஆப்பு செருகித்தான் முடித்தேன்.

உளிக்காரன்: சொன்னேனே!

தச்சன்மகள்: எவ்வளவு வளைந்தது?

பழையபடி: நடுவில் நான்கு மில்லிமீட்டர்.

தச்சன்மகள்: அலமாரித் தட்டு நீளத்துக்கு வெட்டுங்கள். பாதி வளைவுகூட மிஞ்சாது.