கிணற்றில் விழுந்த மாட்டை ஏன் ஒருத்தரும் பார்க்கவில்லை?

வடமராட்சியான்:

வணக்கம். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் பேஸ்புக் பக்கத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சம்பளம் இல்லை, ஏச்சு மட்டும் ஒழுங்காகக் கிடைக்கும். போன கிழமை தோட்டக் கிணறு ஒன்றுக்குள் மாடு விழுந்துவிட்டது. கட்டில்லாத பழைய கிணறு. இருபது பெடியள், ஒரு ரக்டர், இரண்டு பழைய ரயர், வள்ளத்துக் கயிறு என்று மூன்று மணித்தியாலம் மல்லுக்கட்டி உயிரோடு வெளியே எடுத்தோம். மேலே வந்த மாடு, கயிறு கட்ட உள்ளே இறங்கின ஆளையே முட்டித் தள்ளிவிட்டு நேரே போய்ப் பூசணிக் கொடியைத் தின்னத் தொடங்கியது. இதைவிட என்ன வேண்டும்? வீடியோ போட்டேன். 61 பேர் பார்த்தார்கள், அதில் பாதிப் பேர் மாட்டுக்காரரின் சொந்தக்காரர்.

2021 மார்கழியில் பருத்தித்துறைப் பக்கம் பட்டம் ஏற்றும்போது கயிற்றை விடாமல் ஒரு பெடியன் வானத்துக்குப் போன வீடியோ எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அது உலகம் முழுக்கச் சுற்றியது. அதுவும் ஊர்ச் செய்தி, இதுவும் ஊர்ச் செய்தி. அது மட்டும் ஏன் பறந்தது? (பட்டம் என்றபடியால் பறந்தது என்று யாரும் பகிடி விட வேண்டாம், வீட்டில் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.)

ஒழுங்கைமுனை:

நான் நாலு வருஷம் கொழும்பில் ஒரு செய்தித் தளத்தில் இரவு வேலை பார்த்தவன், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன். விடிவதற்குள் பன்னிரண்டு செய்தி ஏற்ற வேண்டும், ஆள் நான் ஒருத்தன். அந்த நேரத்தில் நான் எதைத் தேடுவேன்? சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாலும் விளங்குகிற வீடியோவை. அந்தப் பட்ட வீடியோவில் மொழியே தேவையில்லை. கயிறு, கயிற்றில் ஒரு மனிசன், கீழே தரை இல்லை. பெருவில் இருக்கிறவனுக்கும் வயிறு கூசும்.

அடுத்தது, பெடியன் பெரிய காயமில்லாமல் தப்பிவிட்டான். இதை லேசாக நினைக்காதீர்கள். ஏதாவது நடந்திருந்தால் அது துயரச் செய்தி, நாங்களே யோசித்துத்தான் போட்டிருப்போம். தப்பினபடியால் சனம் பயப்பட்டுவிட்டுச் சிரிக்கலாம். பயமும் சிரிப்பும் ஒன்றாக வருகிற வீடியோவை ஆட்கள் தங்களிடமே வைத்திருக்க மாட்டார்கள், உடனே யாருக்காவது அனுப்பிவிடுவார்கள். அந்த நேரம் நாட்டில் என்ன செய்தி ஓடியது என்றும் யோசித்துப் பாருங்கள். காஸ் அடுப்பு வெடிக்கிறது, டொலர் இல்லை, பால்மா இல்லை. அதற்கு நடுவில் வந்து விழுந்தது இது. நாங்களும் மனிசர்தானே.

பயணம் எப்படிப் போகும் என்றால், யாரோ ஒருவரின் போன், ஊர் வாட்ஸ்அப், உள்ளூர் பேஸ்புக் பக்கம், கொழும்புத் தளம், இந்தியத் தளங்கள், அங்கிருந்து மற்ற நாடுகள். முக்கியமான விஷயம், ஒருத்தரும் முதல் ஆளிடம் போய்க் கேட்பதில்லை. எல்லோரும் தனக்கு முதல் போட்டவனைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். சின்ன வயதில் கேட்ட கதை இருக்கிறதே, கறுப்பாகச் சத்தி எடுத்தான் என்றது நாலு வாய் தாண்டியதும் காகம் காகமாகச் சத்தி எடுத்தான் என்று ஆனது, அதேதான். ஒருவர் 30 அடி என்கிறார், இன்னொருவர் 40 அடி என்கிறார். யார் போய் அளந்தது? ஒவ்வொரு படியிலும் அடி கூடும், ஊர் குறையும். பருத்தித்துறை முதலில் போகும், பிறகு யாழ்ப்பாணம் போகும், கடைசியில் 'இலங்கை ஆள்' மட்டும் மிஞ்சுவார்.

இன்னொன்று. 2020 ஆகஸ்டில் தாய்வானில் ஒரு பட்டத் திருவிழாவில் மூன்று வயதுப் பிள்ளை பட்டத்தின் வாலில் சிக்கி மேலே போன வீடியோ உலகம் முழுக்க ஓடியது. அந்தப் பிள்ளையும் சிறு காயத்தோடு தப்பியது. 'பட்டம் ஆளைத் தூக்கியது' என்றால் ஓடும் என்று செய்தி அறைகளுக்கு ஏற்கெனவே தெரியும். எங்கள் வீடியோ போகும்போது பாதை போட்டு இருந்தது.

முச்சை:

வல்வெட்டித்துறையில் இருந்து எழுதுகிறேன். ஒழுங்கைமுனை சொன்னதெல்லாம் சரி, ஆனால் அதை வாசிக்கும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது. அது ஒரு மனிசன் தனியே பறந்த கதை இல்லை. பெரிய பட்டத்தை ஒருத்தர் ஏற்ற முடியாது. தடித்த கயிறு போட்டு ஆறேழு பேர் கயிறிழுத்தல் மாதிரி வரிசையாகப் பிடிப்பார்கள். மார்கழி, தையில் வாடைக்காற்று ஒரே சீராக வந்துகொண்டிருக்கும், திடீரென்று ஒரு மொத்து மொத்தும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது இழுக்கிற பலம் நாலு மடங்கு ஆகும். பின்னால் பிடித்தவர்கள் தாங்க முடியாமல் விட்டுவிட்டார்கள், முன்னால் நின்றவர் விடவில்லை, அவ்வளவுதான். விடாததும் ஏன் என்று பட்டம் ஏற்றினவனுக்குத் தெரியும். கிழமைக்கணக்கில் மூங்கில் சீவி, கட்டி, ஒட்டி, முச்சை (பட்டத்தைக் கயிற்றோடு இணைக்கிற நூல்கட்டு) பார்த்துக் கட்டின பட்டம். கை தானாக இறுக்கும். யோசித்து விடலாம் என்று நினைக்கிற நேரத்தில் கால் தரையில் இல்லை.

நான் வாசித்த இங்கிலிஸ் செய்தி எதிலும் விண் பற்றி, அதுதான் காற்றில் அதிர்ந்து கூவுவதற்குப் பட்டத்தில் பூட்டுகிற நார் கட்டின வில் பற்றி, ஒரு வரி இல்லை. விண் பூட்டின பட்டம் இரவில் மேலே நின்று கூவுகிற சத்தம் கேட்காமல் எங்களுக்கு மார்கழி இல்லை. தைப்பொங்கல் அன்று எங்கள் கடற்கரையில் நடக்கிற பட்டப் போட்டிக்கு எங்கெங்கோ இருந்தெல்லாம் சனம் வரும், கப்பல் மாதிரிப் பட்டம், விமானம் மாதிரிப் பட்டம், மேலே போனபிறகு உருவம் மாறுகிற பட்டம் எல்லாம் செய்கிறார்கள். ஒரு பெடியன் ஆபத்தில் தொங்கினபோது பார்த்த உலகம் அதை ஏன் பார்க்கவில்லை?

ஒழுங்கைமுனை:

அண்ணை, நீங்கள் கோபப்பட்டாலும் பதில் அதேதான். நல்லாகச் செய்த பட்டத்தைப் பார்க்க அதைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். கயிற்றில் தொங்குகிற ஆளைப் பார்க்க ஒன்றும் தெரியத் தேவையில்லை.

ரொறன்ரோவில்_குளிருது:

இதைச் சொல்லாமல் போக முடியாது. அந்த வீடியோ எனக்கு ஊரில் இருந்து வரவில்லை. வேலையிடத்தில் கூட வேலை செய்கிற போலந்துக்காரன் மத்தியானச் சாப்பாட்டு நேரம் போனை நீட்டி, 'இது உன்னுடைய நாடா?' என்று கேட்டான். பார்த்தால் பின்னால் கேட்கிற சத்தம் எங்கள் ஆட்களின் சத்தம். 'நாடு இல்லை, என்னுடைய ஊருக்குப் பக்கம்' என்று சொன்னேன், அவன் நம்பவில்லை. உடனே அம்மாவுக்கு எடுத்துக் கேட்டால், 'ஓம், அது முந்தாநாள், நீ இப்பதான் பார்க்கிறியா' என்கிறா. பருத்தித்துறையில் இருந்து ஸ்காபரோவுக்கு வர வார்சோக்காரன் தேவைப்பட்டிருக்கிறது.

பனங்காய்ப்பணியாரம்:

புகழ் வேண்டும் என்று கேட்கிற வடமராட்சியானுக்கு என் அனுபவத்தை எழுதுகிறேன். எங்கள் காணியில் ஒரு பனை நிற்கிறது, ஐந்து வட்டு, அதாவது ஐந்து தலை. பனை கிளைக்காது என்றுதான் எல்லோரும் நினைப்போம், ஆனால் குருத்தில் அடிபட்டால் சில நேரம் அப்படி வரும், பெரிய அதிசயமில்லை. அப்பா சின்ன வயதில் இருந்து பார்க்கிற மரம். இரண்டு வருஷத்துக்கு முதல் ஒரு யூரியூப் தம்பி வந்து, மரத்தைக் கொஞ்சம் எடுக்கலாமா ஐயா என்று மரியாதையாகக் கேட்டார். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தோம். இரண்டு நாளில் 'ஐந்து தலை நாகப் பனை, இரவில் நடக்கும் அதிசயம், கடைசி வரை பாருங்கள்' என்று வந்துவிட்டது. இரவில் ஒன்றும் நடப்பதில்லை, வௌவால் மட்டும் வரும்.

பிறகு சனம் வரத் தொடங்கியது. முதலில் ஒழுங்கைக்குள் நாலு மோட்டார்சைக்கிள், அடுத்த கிழமை வான் பிடித்து வந்தார்கள். ஒரு அம்மா மரத்துக்கு மஞ்சள் துணி கட்டினா, ஒருத்தர் கற்பூரம் கொளுத்தினார், காவோலை கிடந்த இடத்தில்! நல்லகாலம் அப்பா வாளியோடு ஓடினார். மிளகாய்த் தோட்டம் மிதிபட்டுப் போனது, அதற்கு ஒருத்தரும் காசு தரவில்லை. அந்தத் தம்பிக்கு எடுத்து, இது பொய் என்று ஒரு வீடியோ போடுங்கோ என்று கேட்டேன். போட்டார். 'நாகப் பனை பொய்யா? வீட்டுக்காரர் மறைக்கும் உண்மை என்ன?' என்று. முதல் வீடியோவைவிட அது கூட ஓடியது.

பழைய_சைக்கிள்:

பிள்ளைகளே, இதெல்லாம் இணையத்தோடு வந்த வியாதி என்று நினைக்கிறீர்கள். 1995 செப்டெம்பர் 21, பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று டில்லியில் தொடங்கின கதை அன்றைக்கே லண்டன் கோயில்கள் வரைக்கும் போனது. வாட்ஸ்அப் ஏது? ரெலிபோன்தான். கரண்டியில் இருக்கிற பால் கல்லில் தொட்டதும் பரவி வழிகிறது என்று விஞ்ஞானிகள் விளங்கப்படுத்தினார்கள், அதை யார் கேட்டது? எங்களுக்கு அப்போது யுத்த நேரம், ரெலிபோனும் இல்லை, கரண்டும் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் சுற்றி றேடியோ கேட்ட காலம். ஒருத்தர் சைக்கிளைச் சுற்ற ஒழுங்கையே சுற்றி இருந்து கேட்கும், பிறகு கேட்டவர்கள் ஆளுக்கொரு விதமாக வீட்டில் போய்ச் சொல்வார்கள். ஒரே செய்தி, ஏழு வீட்டில் ஏழு விதம்.

2011 ஆகஸ்டில், உடம்பெல்லாம் கிறீஸ் பூசின ஆள் இரவில் வருகிறான், கிறீஸ் பூதம் என்று நாடு முழுக்க ஒரு பயம் வந்ததே, நாவாந்துறையில் அது சனத்துக்கும் இராணுவத்துக்கும் மோதலாகப் போய் முடிந்தது என்று யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. அதுவும் அனேகமாக வாயும் போனும் கொண்டு திரிந்த கதைதான்.

ஒழுங்கைமுனை:

பழைய சைக்கிள் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், இது பகிடி இல்லை. 2018 மாசியில் அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடை. சாப்பாட்டில் ஏதோ கட்டியாகக் கிடந்தது, கருத்தடை மாத்திரை என்று சண்டை. கடைக்காரருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது, மாவுக்கட்டியைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து ஓம் என்றார். அந்த ஓம்தான் வீடியோவாகப் போனது. கடையும் உடைந்தது, பள்ளிவாசலும் உடைந்தது. பிறகு அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்து, அது வெறும் கோதுமை மாவு என்று சொன்னார். அடுத்த மாதம் கண்டிப் பக்கம் திகணவில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம், அதோடு அரசாங்கம் பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் நாட்டில் நிறுத்தியது. அந்தக் கலவரத்தில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காகப் பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020இல். பட்டம் போன அதே பாதைதான் ஐயா, போன் போனாக, முதல் ஆளிடம் ஒருத்தரும் கேட்காமல். நான் அந்த வேலையை விட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, மாட்டுக்கு வருவோம். வடமராட்சியான், கிணறு என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது 2021 ஆடியில் இரத்தினபுரிக் கல். ஒருவர் வீட்டில் கிணறு வெட்டும்போது வந்த நீலக்கல் கொத்து, 510 கிலோ, 25 இலட்சம் கரட், 10 கோடி டொலர் வரை பெறலாம் என்றார்கள். தலைப்புக்குப் போகும்போது 'வரை பெறலாம்' இரண்டும் விழுந்துவிட்டது, 10 கோடி மட்டும் ஓடியது. வீடியோ இல்லாவிட்டால் ஒரு பெரிய எண்ணாவது வேண்டும். உங்களிடம் எண் இல்லை, ஆனால் மாடு முட்டுகிற இடம் இருக்கிறது. அது தங்கம். வீடியோ எவ்வளவு நீளம்?

வடமராட்சியான்:

14 நிமிடம்.

ஒழுங்கைமுனை:

மாடு முட்டுவது எத்தனையாவது நிமிடம்?

வடமராட்சியான்:

13இல். முதல் ஐந்து நிமிடம் எங்கள் தலைவர் கிணற்றடியில் நின்று உரையாற்றுகிறார். பின்னால் மாடு கத்துகிற சத்தம் கேட்கும்.

பனங்காய்ப்பணியாரம்:

மாடு உள்ளே இருக்கும்போதேவா உரை?

வடமராட்சியான்:

ரக்டர் வரும் வரைக்கும் சும்மா நிற்காமல் பேசினார். கட்டில்லாத கிணறுகளின் ஆபத்து பற்றி. நல்ல உரைதான்.

ரொறன்ரோவில்_குளிருது:

ஐயோ, அந்த ஐந்து நிமிடத்தைத்தான் போடுங்கோ! அவர் ஆபத்தைப் பற்றிப் பேச, பின்னால் மாடு ஓம் ஓம் என்று கத்த, அதைவிட வேறென்ன வேண்டும்.

ஒழுங்கைமுனை:

இரண்டில் ஒன்றைப் போடுங்கள். 40 செக்கனுக்கு மேல் வேண்டாம். எழுத்தில் ஊரின் பெயரை வீடியோவுக்கு மேலேயே போடுங்கள், கீழே போட்டால் அடுத்தவன் வெட்டிவிடுவான். முச்சை அண்ணைக்காகவாவது.

முச்சை:

மாடு முட்டின ஆளிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள் தம்பி. நாளைக்கு அவரைத்தான் சந்தையில் எல்லோரும் கேட்பார்கள்.

வடமராட்சியான்:

கேட்டேன். முட்டுப்பட்டவர் சம்மதம், தன்னுடைய பழைய சாரம் தெரிகிற இடத்தை மட்டும் வெட்டிவிடச் சொன்னார். மாட்டுக்காரருக்கும் சம்மதம். தலைவர்தான் முழு உரையும் வராவிட்டால் வீடியோவே வேண்டாம் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை நிர்வாகக் கூட்டத்தில் எடுக்கிறார்களாம்.