அயர்ன் அண்ட் வைனின் முதல் ஆல்பம்: உங்களுக்கு அது எப்படி வந்து சேர்ந்தது?

ஓடைக்கரை
2011 ஜனவரி. அட்லாண்டாவில் பனிப்புயல் அடித்து நகரமே சில நாள் முடங்கிக் கிடந்தது. மகனுக்கு அப்போது இரண்டு மாதம். மாமியார் ஊருக்குத் திரும்பிய வாரம் அது. ராத்திரி மூன்று மணிக்கு அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பது என் முறை. நண்பர் ஒருவர் எப்போதோ கொடுத்திருந்த பாட்டுகளை லேப்டாப்பில் மிக மெதுவாக ஓட விட்டேன். மற்ற பாட்டுகளைச் சத்தம் குறைத்து வைத்தால் டிரம்ஸின் அதிர்வு மட்டும் மிஞ்சும், பாட்டு போய்விடும். இது மட்டும் அந்த அளவிலேயே முழுசாகக் கேட்டது. ஒரு கிட்டார், கொஞ்சம் பாஞ்சோ, காதருகில் பேசுகிற மாதிரி ஒரு ஆண் குரல்.

'தி க்ரீக் ட்ராங்க் தி க்ரேடில்', ஓடை தொட்டிலைக் குடித்தது. 2002-இல் வந்த ஆல்பம். அயர்ன் அண்ட் வைன் என்பது ஒரே ஆள், சாம் பீம். தெற்குக் கரோலைனாக்காரர். அப்போது மயாமியில் சினிமா ஒளிப்பதிவு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். வீட்டில் சின்னப் பெண் குழந்தைகள். பதினொரு பாட்டுகளையும் அந்த வீட்டிலேயே தனியாக வாசித்துப் பாடிப் பதிவு செய்திருக்கிறார். இதைப் பிற்பாடு படித்தபோது, குழந்தை உறங்கும் வீட்டில் யார்தான் குரலை உயர்த்துவார்கள் என்று தோன்றியது. உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

நாலுதடம்
நான் இதைப் பாட்டாகக் கேட்பதற்கு முன்னால் இரைச்சலாகத்தான் கேட்டேன், சகோ. பாட்டுக்கு அடியில் ஓடும் அந்த 'ஸ்ஸ்' சத்தம். பீம் பயன்படுத்தியது நான்கு தட ரெக்கார்டர், அதாவது நான்கு ஒலிகளைத் தனித்தனியாகப் பதிந்து சேர்த்து ஓட்டுகிற மெஷின். என்னிடமும் கேசட்டில் ஓடும் ஒன்று இருந்தது, பழைய பொருள் விற்கும் இடத்தில் வாங்கியது. சாதாரண கேசட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டு தடம், திருப்பிப் போட்டால் இன்னும் இரண்டு. இந்த மெஷின் நான்கையும் ஒரே திசையில் எழுதும், அதுவும் இரட்டை வேகத்தில். அதனால் 60 நிமிட கேசட்டில் 15 நிமிடம்தான் கிடைக்கும். ஐந்தாவதாக ஒரு வாத்தியம் வேண்டுமென்றால் முதல் மூன்று தடங்களையும் கலந்து நான்காவதில் கொட்ட வேண்டும். கொட்டியபின் பிரிக்க முடியாது. ஒவ்வொரு முறை கொட்டும்போதும் இரைச்சல் ஒரு படி ஏறும்.

அதனால்தான் இந்த ஆல்பத்தில் வீண் வாத்தியம் ஒன்றுகூட இல்லை. தன் குரல் மேலேயே இன்னொரு முறை பாடி, ஸ்லைடு கிட்டாரை ஓரமாக இழைய விட்டு, அத்தோடு நிறுத்திக்கொள்கிறார். நான் அதே வகை மெஷினில் மூன்று வருடம் முயன்றிருக்கிறேன். நிறுத்த வேண்டிய இடத்தில் என்னால் நிறுத்த முடிந்ததே இல்லை. ஹெட்போனில் கேளுங்கள், அந்த இரைச்சலையும் சேர்த்து.

சியாட்டில் மழை
என் கதை சின்னது. நிர்வாணா என்ற இரைச்சலான ராக் குழுவின் முதல் ஆல்பத்தை வெளியிட்ட கம்பெனி என்பதால் சப் பாப் முத்திரை போட்ட எதையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன். அப்படி வாங்கியதுதான் இது. முதல் பாட்டு முடியும்வரை, அட்டை மாறிப்போய் வேறு சிடி வந்துவிட்டது என்றே நினைத்தேன். இரண்டாவது பாட்டில் அந்த நினைப்பு போய்விட்டது. பீம் இந்தப் பாட்டுகளை ஆல்பம் போடும் எண்ணத்தில் பதிவு செய்யவே இல்லை. கை மாறிக் கை மாறி சப் பாப்புக்குப் போய், அவர்களே கேட்டு வாங்கி வெளியிட்டார்கள்.

ஞாயிறு கால்
எனக்கு முதலில் பிடிக்கவில்லை. 2006, நியூ ஜெர்சி. காரில் போட்டால் எஞ்சின் சத்தத்தில் ஒன்றுமே கேட்காது. ஓரமாக வைத்துவிட்டேன்.

அந்த வருடம் அக்டோபரில் வேலை போனது. அம்மாவிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலிங் கார்டு வாங்கி விருதுநகருக்குப் பேசுவேன். "கவலப்படாதம்மா, நல்லா சாப்பிடுறேன். கவலப்படாத, ஸ்வெட்டர் வாங்கிட்டேன். கவலப்படாத, கையில காசு இருக்கு." வாராவாரம் இதே பட்டியல்தான்.

வேலை தேடிக்கொண்டு அறையில் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம் மறுபடி அந்த சிடியைப் போட்டேன். 'அப்வர்ட் ஓவர் தி மவுண்டன்' என்ற பாட்டு. மகன் அம்மாவிடம் பேசுகிறான். கவலைப்படாதே, ஓடையில் கிடந்த கடைசிப் பாம்பையும் கொன்றுவிட்டேன். கவலைப்படாதே, கொஞ்சம் காசு சேர்த்து வைத்திருக்கிறேன். அவன் அடுக்க அடுக்க எனக்குப் பயம் கூடியது. ஒருவன் இத்தனை முறை கவலைப்படாதே என்று சொன்னால் அவனுக்கு ஏதோ ஆகியிருக்கிறது என்றுதானே பொருள்? குரலை உயர்த்தாமல், அழாமல், ஒரே சீராகச் சொல்லிக்கொண்டே போகிறான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு அம்மாவிடம் வேலை போனதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மூணு வாரமாவே உன் குரல் சரியில்லடா" என்றார்.

மேடைக்கு முன்வரிசை
ஞாயிறு கால், படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

நான் பீமை மேடையில்தான் முதலில் பார்த்தேன், பெரிய குழுவோடு. 2004-இல் வந்த அடுத்த ஆல்பத்தையே சிகாகோவில் ஸ்டுடியோவுக்குப் போய்ப் பதிவு செய்தார், 2007-க்குப் பிறகு தாள வாத்தியங்களும் நிறைய வந்துவிட்டன. அவை நல்ல ஆல்பங்கள்தான், எனக்குக் குறையில்லை. ஆனால் அன்று குழுவினர் எல்லாரும் உள்ளே போனபின் தாடியும் கிட்டாருமாக அவர் மட்டும் நின்று பழைய பாட்டு ஒன்றை எடுத்தார். பின்னால் யாரோ சிப்ஸ் பாக்கெட்டை மடக்குவது கூடக் கேட்டது. மடக்கியவரும் பாதியில் நிறுத்திவிட்டார். ஆல்பத்தை அதற்கப்புறம்தான் வாங்கினேன்.

ஓடைக்கரை
நாலுதடம் சொன்னதைக் கேட்டு நேற்று ராத்திரி முதல்முறையாக ஹெட்போன் போட்டுக் கேட்டேன். இத்தனை வருடமாக அந்த இரைச்சலை என் வீட்டு ஹீட்டர் சத்தம் என்றே நினைத்திருந்தேன்.