கடைக்கு வந்த ஒரு ஸ்டார் ரிவ்யூ: பதில் போடுவதா, நீக்கச் சொல்வதா?

போன்_சர்வீஸ்:
வணக்கம். போன், லேப்டாப் பழுது பார்க்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். நானும் உதவிக்கு ஒரு பையனும்தான். கூகுள் மேப்பில் கடைக்கு 11 ரிவ்யூ இருந்தது, எல்லாமே ஐந்து ஸ்டார். போன வாரம் ஒருவர் ஒரு ஸ்டார் போட்டு, "ஸ்கிரீன் மாற்றக் கொடுத்தேன், போட்டோ எல்லாம் போய்விட்டது, கேட்டால் சரியான பதில் இல்லை" என்று எழுதிவிட்டார். சராசரி 4.7-க்கு இறங்கிவிட்டது.

அந்தப் பெயரில் என் வேலை நோட்டில் யாருமே இல்லை. ஆனால் புதிதாக வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, "என் போட்டோ பத்திரமா இருக்குமா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். சொந்தக்காரர்களை விட்டு ஐந்து ஸ்டார் ரிவ்யூ இருபது போடச் சொன்னால் அமுங்கிவிடும் என்கிறார் மச்சான். வக்கீல் நோட்டீஸ் அனுப்பு என்கிறார் நண்பர். இரண்டிலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

அச்சகத்து_அக்கா:
தம்பி, நான் அச்சகம் நடத்துகிறேன். ரிவ்யூவுக்குப் பதில் எழுதுவதை நான் யாரிடமும் விடுவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடைக்காரர் ரிவ்யூவை நீக்க முடியாது, புகார் மட்டும்தான் செய்யலாம். போலி, வசைமொழி, ஒருவரின் தனிப்பட்ட விவரம், கடைக்குச் சம்பந்தமில்லாத பேச்சு மாதிரி விதிமீறல் இருந்தால் கூகுள் எடுக்கும். வேலை சரியாக நடந்ததா இல்லையா என்ற தகராறில் அவர்கள் பஞ்சாயத்துக்கு வர மாட்டார்கள். நோட்டில் பெயர் இல்லாததால் புகார் செய்துவையுங்கள். மறுத்தால் மேல்முறையீடு ஒருமுறை உண்டு. ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், பதிலை இப்போதே போடுங்கள்.

பதில் யாருக்கு என்பதுதான் முக்கியம். உங்கள் கடைக்கு வரலாமா என்று யோசித்துக்கொண்டு நாளைக்குப் படிக்கப்போகிற ஆளுக்காக எழுதுங்கள். அவர் மனதில் இருக்கும் கேள்வியைத்தான் வாசலிலேயே கேட்கிறார்களே, "போட்டோ பத்திரமா?" என்று. அதற்குப் பதில் அங்கே இருக்க வேண்டும். பதில் எழுதினால் பலன் உண்டா என்று ப்ரோசெர்பியோ, ஸெர்வாஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஹோட்டல்களை வைத்துப் பார்த்தார்கள். 2017-இல் வெளியான ஆய்வு. பதில் போட ஆரம்பித்த ஹோட்டல்களுக்கு ரிவ்யூ 12 சதவீதம் கூடியது, சராசரி 0.12 ஸ்டார் ஏறியது. ஏற்றம் சின்னதுதான், ஆனால் நேர்மையாக வந்தது.

மச்சான் யோசனை வேண்டவே வேண்டாம். சொந்தக்காரர் ரிவ்யூ விதிக்கு விரோதம். பிடிபட்டால் புது ரிவ்யூ வராமல் கொஞ்ச காலம் நிறுத்திவைப்பார்கள், போலி ரிவ்யூ நீக்கப்பட்டது என்ற எச்சரிக்கையும் உங்கள் பக்கத்திலேயே வரலாம். அமெரிக்காவில் 2024 அக்டோபர் முதல் போலி ரிவ்யூவுக்கு அபராதம் விதிக்கவே தனி விதி இருக்கிறது.

கணக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு ஸ்டார் ஒன்று இருக்கும்போது சராசரி 4.8 வேண்டுமென்றால் ஐந்து ஸ்டார் 19 வேண்டும். உங்களிடம் 11 இருக்கிறது, இன்னும் 8 போதும். பழுது பார்த்த போனைக் கையில் வாங்கி, ஆன் செய்து பார்த்து முகம் மலர்கிற அந்த நேரத்தில் லிங்க்கை அனுப்பி, "எப்படி இருந்ததோ அப்படியே எழுதுங்கள்" என்று கேளுங்கள். எல்லோரிடமும் கேளுங்கள்; திருப்தியானவர்களை மட்டும் பொறுக்கிக் கேட்பதும், எழுதினால் தள்ளுபடி என்பதும் கூகுள் விதிப்படி தப்பு. யெல்ப் என்ற இன்னொரு ரிவ்யூ தளத்தில் கேட்கவே கூடாது என்கிறார்கள்.

கருப்புக்கோட்டு:
அக்கா சொன்னதோடு ஒன்று. நோட்டீஸ் வேண்டாம் சார். 2003-இல் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட் தன் வீடு தெரியும் கடற்கரைப் புகைப்படம் ஒன்றை இணையத்திலிருந்து நீக்கச் சொல்லி வழக்குப் போட்டார். அதுவரை அந்தப் படத்தைத் தரவிறக்கியது ஆறே தடவை, அதிலும் இரண்டு அவருடைய வக்கீல்கள். வழக்குச் செய்தி பரவியதும் ஒரே மாதத்தில் 4 லட்சம் பேருக்கு மேல் படம் இருந்த தளத்துக்குப் போனார்கள். வழக்கும் தள்ளுபடியானது. உங்கள் ரிவ்யூவை இப்போது பத்துப் பேர் படிக்கிறார்கள், அதோடு இருக்கட்டும்.

ஸ்கிரீன்ஷாட் மட்டும் தேதியோடு எடுத்து வையுங்கள். பணம் கொடுத்தால் நீக்குகிறேன் என்று யாராவது மெசேஜ் அனுப்பினால் அதையும் சேமியுங்கள், பணம் மட்டும் கொடுக்காதீர்கள்.

போன்_சர்வீஸ்:
ரொம்ப நன்றி. இப்படி எழுதியிருக்கிறேன், போடலாமா?

"உங்கள் பெயர் எங்கள் நோட்டிலேயே இல்லை. ஸ்கிரீன் மாற்றினால் போட்டோ அழிய வாய்ப்பே கிடையாது. இது பொய்ப் புகார்."

அச்சகத்து_அக்கா:
போடாதீர்கள் தம்பி. நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் படிக்கிறவருக்கு நீங்கள் சண்டைக்கு நிற்பது மட்டும்தான் தெரியும். அவர் மனைவி பெயரிலோ நண்பர் பெயரிலோ போனைக் கொடுத்திருந்தால்? இப்படி மாற்றிப் பாருங்கள்:

"போட்டோக்கள் போனது எவ்வளவு வருத்தம் என்று புரிகிறது. இந்தப் பெயரில் எங்கள் நோட்டில் வேலை எதுவும் பதிவாகவில்லை. வேறு பெயரில் கொடுத்திருந்தால் பில் எண்ணோடு கடைக்கு அழையுங்கள், நானே பார்க்கிறேன். ஸ்கிரீன் மாற்றும்போது போனின் மெமரியில் நாங்கள் கை வைப்பதில்லை. எந்த வேலைக்கும் முன்னால் பேக்கப் இருக்கிறதா என்று கேட்டு எழுதி வாங்குகிறோம். – கடை உரிமையாளர்."

அந்தக் கடைசி வரி உங்கள் கடையில் நிஜமாக நடந்தால் மட்டும் போடுங்கள். நடக்கவில்லை என்றால் இன்றைக்கே வேலைச் சீட்டில் "பேக்கப் எடுத்தாச்சா?" என்று ஒரு கட்டம் சேர்த்து, பக்கத்தில் கையெழுத்து வாங்குங்கள், அப்புறம் அந்த வரியைச் சேர்க்கலாம். போட்ட பதிலைப் பின்னால் திருத்தவும் வழி இருக்கிறது.

நீங்கள் பதில் போட்டதும் அவருக்குத் தகவல் போகும். அழைத்தார் என்றால் ரிவ்யூவைப் பற்றி வாயே திறக்காதீர்கள், போட்டோவைப் பற்றி மட்டும் பேசுங்கள். ஸ்டாரை மாற்றுவதா என்பது அவர் இஷ்டம்.